ஒருவர் பெயரில் கூலி, மூவரின் உழைப்பு: குறைந்தபட்ச ஊதியமும் கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே சில நிமிடப் பயணம்தான். அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்புக்கு அரசு நிர்ணயித்த விலை மாறிவிடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டின் நாள் ஊதியம் 336 ரூபாய். ஆந்திரத்தின் நாள் ஊதியம் 307 ரூபாய். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அதே மண், அதே மண்வெட்டி. வேறுபாடு 29 ரூபாய்.

தொழிற்சாலைகளுக்கும் இதே நிலைதான். எல்லைக்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் அதைச் சுற்றிய இரும்பு உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் இருக்கின்றன. வடக்கே ஸ்ரீசிட்டி சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் குடியிருப்பவர் ஸ்ரீசிட்டியில் வேலை செய்தால் அவருக்குரியது ஆந்திர அரசின் வீதம். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்தவர் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்தால் அவருக்குரியது தமிழ்நாட்டு அரசின் வீதம். வேலை நடக்கும் இடமே வீதத்தைத் தீர்மானிக்கிறது. தொழிலாளியின் சொந்த ஊரோ நிறுவனத்தின் தலைமை அலுவலகமோ அல்ல. "உங்கள் ஊரில் இதைவிடக் குறைவுதானே" என்று ஒப்பந்ததாரர் சொல்லும் சமாதானத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆயினும் குறைந்தபட்ச ஊதியம் பற்றிய பேச்சு எப்போதும் "எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. தலித், பழங்குடிக் குடும்பங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு உள்ளன. அந்தத் தொகை எத்தனை பேரின் உழைப்புக்கு? எத்தனை மணி நேரத்துக்கு? எத்தனை நாளுக்கு? என்னென்ன பிடித்தம் போக? அறிவிப்புப் பலகையில் எழுதிய எண்ணைத் தொடாமலேயே கூலியைப் பாதியாக்கும் வழிகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கின்றன.

சட்டத்தின் பிறப்பு

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் வரைவை மத்திய சட்டமன்றத்தில் 1946 ஏப்ரல் 11 அன்று அறிமுகப்படுத்தியவர் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்த வரைவு சட்டமானது 1948-இல். அன்றைய தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். நாட்டின் அடித்தட்டு உழைப்பாளர்களுக்கான முதன்மையான ஊதியச் சட்டம் தொடங்கியதும் நிறைவேறியதும் தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இரு தலைவர்களின் பொறுப்பில் என்பதைத் தொழிலாளர் சட்டப் பாடநூல்கள் பெரிதாகக் குறிப்பிடுவதில்லை. தொழிற்சங்கம் வலுவாக இருந்த பஞ்சாலைத் தொழிலாளிக்குப் பேரம் பேச வழி இருந்தது. சங்கம் வைக்க வழியற்ற பீடித் தொழிலாளிக்கும் தோல் பதனிடுவோருக்கும் வயலில் இறங்குவோருக்கும் அரசே பேரத்தில் தலையிட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. முதல் அட்டவணையிலேயே வேளாண்மைத் தொழில் இடம்பெற்றிருந்தது.

அட்டவணையில் இருப்பதும் வயலில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கையும் செங்கொடிச் சங்கமும். அதன் பிறகே கணபதியா பிள்ளை ஆணையமும், 1969-இன் தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டமும் வந்தன. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் காவல்துறைத் தாக்குதலையடுத்துத் தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தனர். அங்கும் கூலி உயர்வு கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கூலி என்பது இந்த மாநிலத்தில் ஒருபோதும் வெறும் பொருளாதாரக் கேள்வியாக இருந்ததில்லை.

சட்டம் கருதும் குடும்பம்

1948-இன் சட்டம் ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும் என்றது. எதன் அடிப்படையில் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. அது வகுத்த அளவுகோல்கள் எளிமையானவை. உழைப்பவர் ஒருவர், அவரை நம்பியிருப்போர் இணையரும் இரண்டு குழந்தைகளும். நுகர்வைக் கணக்கிடும்போது உழைப்பவருக்கு 1, மனைவிக்கு 0.8, குழந்தை ஒன்றுக்கு 0.6 என மொத்தம் 3 அலகுகள். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வீட்டுக்கான வாடகை. எரிபொருள், விளக்கு, இதரச் செலவுகளுக்கு ஊதியத்தில் 20 விழுக்காடு.

இதற்குமேல் ஒன்றைச் சேர்த்தது உச்ச நீதிமன்றம். சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் அகவிலைப்படித் தகராறிலிருந்து எழுந்த ரெப்டகாஸ் பிரெட் வழக்கில், 1991-இல், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட எளிய மகிழ்ச்சிகள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது. நாடெங்கும் தொழிற்சங்கங்கள் இன்று மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

இந்த அளவுகோலில் உயர்ந்த ஒரு கருத்தும் உண்டு, ஊனமும் உண்டு. ஒருவரின் உழைப்பு நால்வரைக் காக்க வேண்டும், அதாவது குழந்தை வேலைக்குப் போக வேண்டியிராத அளவுக்குக் கூலி இருக்க வேண்டும் என்பது அதன் உயர்வு. உடன் வாழும் முதிய பெற்றோர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை என்பதும், மனைவி நாளெல்லாம் உழைத்தாலும் நம்பியிருப்பவராகவே எண்ணப்படுகிறார் என்பதும் அதன் ஊனம். 2019-இல் அறிக்கை தந்த அனூப் சத்பதி குழு, அலகுகளை 3.6 ஆக உயர்த்தி, கலோரியை 2,400 ஆகக் குறைத்து, புரதம் 50 கிராம், கொழுப்பு 30 கிராம் என்று தரத்தைச் சேர்த்தது. 2018 ஜூலை விலைவாசிப்படி நாளொன்றுக்கு 375 ரூபாயைத் தேசியக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைத்தது. அப்போது நடைமுறையில் இருந்த தேசியத் தள ஊதியம், 2017-இல் அறிவிக்கப்பட்ட 176 ரூபாய். அதுவும் மாநிலங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத எண். பரிந்துரை ஏற்கப்படவில்லை.

ஊதியச் சட்டத் தொகுப்புக்காக ஒன்றிய அரசு 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகள் 1957-இன் மூன்று அலகுகளுக்கே திரும்பின. 2,700 கலோரி அப்படியே உள்ளது. துணி 66 மீட்டர். 72 கெஜத்தை மீட்டராக்கினால் வருவது அதுதான். வீட்டு வாடகை உணவு, துணிச் செலவில் 10 விழுக்காடு. எரிபொருள், மின்சாரம், இதரச் செலவு ஊதியத்தில் 20 விழுக்காடு. கல்வி, மருத்துவம் முதலியவை ஊதியத்தில் 25 விழுக்காடு. இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பின்னிரண்டும் சேர்ந்து 45 விழுக்காடு. மீதி 55-இல் உணவும் துணியும் வாடகையும் அடங்க வேண்டும். வாடகை உணவு, துணியில் பத்தில் ஒரு பங்கு என்றால், உணவுக்கும் துணிக்கும் சரியாக 50, வாடகைக்கு 5. ஆக, மூன்று அலகுகளுக்கு உணவும் துணியும் என்ன ஆகிறதோ அதன் இரு மடங்கே ஊதியம். கல்லூரி மாணவர் எவரும் தம் ஊர்ச் சந்தை விலையை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். உணவுக்கும் துணிக்கும் மாதம் 12,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஊதியம் 24,000 ரூபாய் வர வேண்டும். அதே கணக்கு அந்தக் குடும்பத்தின் வாடகைக்கு ஒதுக்குவது 1,200 ரூபாய். தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் அந்தத் தொகைக்கு எப்படிப்பட்ட வீடு கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறையில் ஆறேழு பேர் முறை வைத்துத் தூங்கும் வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளின் பொருளாதாரம் இந்த ஐந்து விழுக்காட்டில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் அடிப்படை ஊதியத்தை அரசு தனித்தனியே அறிவிக்கிறது. அதன்மேல் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்த அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் திருத்தப்படுகிறது. அடிப்படை ஊதியத்தை ஐந்தாண்டுக்கு மிகாமல் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். அகவிலைப்படி விலைவாசியைத் துரத்துமே தவிர வாழ்க்கைத் தரத்தை உயர்த்தாது. அந்த வேலையைச் செய்ய வேண்டியது அடிப்படை ஊதியத் திருத்தம்தான். ஆகவே திருத்தம் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் தொழிலாளிக்கு இழப்பு.

சூளையில் தலைகீழாகும் கணக்கு

சட்டத்தின் கணக்கில் ஒருவர் உழைத்து மூன்று அலகுகள் உண்ண வேண்டும். செங்கல் சூளையில் மூவர் உழைத்து ஒரு கூலி பெறுகிறார்கள்.

சென்னையின் கட்டடங்களுக்குக் கல் கொடுக்கும் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில், அதாவது மக்கள் 'சேம்பர்' என்று அழைக்கும் பெருஞ்சூளைகளில், கல் அறுப்போர் பெரும்பாலும் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாகாண்டி மாவட்டங்களிலிருந்து வரும் தலித், பழங்குடிக் குடும்பங்கள். அறுவடைத் திருநாளான நுவாக்காய் முடிந்த பிறகு தரகர் முன்பணம் தருகிறார். முன்பணம் தனி ஆளுக்கு அல்ல, 'பத்துரியா' என்ற அலகுக்கு. கணவன், மனைவி, உடன் இன்னொருவர் சேர்ந்தது ஒரு பத்துரியா. அந்த இன்னொருவர் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருப்பதுண்டு. கோடை முடியும்வரை அவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரந்தோறும் கிடைப்பது சாப்பாட்டுச் செலவுக்கான காசு மட்டுமே. கணக்கு முடிப்பது பருவத்தின் இறுதியில்.

இங்கே குறைந்தபட்ச ஊதியம் எப்படி மறைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய், ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 1,500 கல் அறுக்கிறது என்று கொள்வோம். நாள் வரவு 1,050 ரூபாய். பேரேட்டில் கணவரின் பெயர் மட்டுமே இருப்பதால், ஒரு நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கும் தொழிலாளியாக அவர் தெரிகிறார். மனைவியையும் எண்ணினால் தலைக்கு 525. வேலை நடப்பது நள்ளிரவு தாண்டித் தொடங்கி, இடையில் வெயிலுக்கு ஒதுங்கி, மீண்டும் மாலைவரை என மொத்தம் 14 மணி நேரம் என்றால், மணிக்கு 37 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேர வேலைநாளுக்கு 300 ரூபாய். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, வார ஓய்வு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் அது 200-க்கு அருகே இறங்கும். மண் பிசையும் பிள்ளையின் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. பிள்ளை வேலை செய்யவே கூடாது என்பது சட்டம் என்பதால், பேரேடு எழுதுபவருக்கு அதை மறைப்பதே பாதுகாப்பு. ஆயிரம் ரூபாய் எப்படி இருநூறாயிற்று? வீதத்தில் ஒரு காசும் குறையவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மறைக்கப்பட்டது.

எண்ணிக்கைக்குக் கூலி தருவது குற்றமல்ல. ஆனால் நேர வீதத்தில் நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே அந்தக் கூலி போகக்கூடாது. 1948-இன் சட்டத்தில் 17-ஆவது பிரிவு சொல்வதும் அதையே. எனவே "இத்தனை கல் அறுக்கவில்லை, அதனால் இவ்வளவுதான்" என்பது சட்டப்படி விடையாகாது. மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த இழப்பைத் தொழிலாளி தலையில் ஏற்றுவதும் அப்படியே.

இந்தத் தந்திரத்தைக் கடல் கடந்த தமிழர்களும் நன்கு அறிவார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளர்களுக்கென்றே இயற்றப்பட்டது. இந்தியாவின் சட்டத்துக்கு இரு பத்தாண்டுகள் முந்தியது. ஆனால் நாளுக்குரிய கொழுந்து நிறை எட்டவில்லை என்றால் நாள் முழுதும் மலையேறியவருக்கும் 'அரைப் பேர்' தான். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கிலோவின் அளவு உயர்த்தப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் குற்றம்சாட்டின. ஒரு கை கூட்டித் தந்ததை மறு கை நிறைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சூளையும் தேயிலை மலையும் ஒரே சான்று.

குடும்பத்துக்கு இதன் விளைவு கூலியோடு முடிவதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போனால் கல் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் முன்பணம் கழியாது. முன்பணம் கழியாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே சூளை. இம்மாவட்டச் சூளைகளில் ஒடியா மொழியில் கற்பிக்கும் பள்ளிகள் நடத்தப்பட்டது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் கூலியை ஆளுக்கு ஆள் எழுதாமல் பள்ளியை மட்டும் திறந்தால், பிள்ளையின் வருகைப்பதிவுக்கும் தந்தையின் கடனுக்கும் இடையே போட்டிதான் ஏற்படும். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி உண்டு. உள்ளூர் இருளர், ஆதிதிராவிடர் குடும்பங்கள் குறைந்த கூலியிலும் உயிர் தரிக்க அது ஒரு காரணம். சற்றே கசப்பாகச் சொன்னால், தொழிலாளியின் சோற்றுக்கு அரசு தரும் அந்த அரிசியில் ஒரு பங்கு, கூலியைக் குறைத்துத் தரும் முதலாளிக்கான மானியமாகவும் ஆகிறது. சூளைக் குடும்பத்துக்கு அதுவும் எளிதில் எட்டுவதில்லை. அட்டை ஊரில் இருக்கிறது.

ஆலையில் பன்னிரண்டு மணி நேரம்

உருக்காலையில் மறைவது ஆள் எண்ணிக்கை அல்ல, நேரம். பன்னிரண்டு மணி நேர முறைக்கு ஒரே தொகை பேசுவது ஒப்பந்த வேலைகளில் பரவலான வழக்கம். வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி. சட்டப்படி 48 மணிக்கு மேற்பட்ட 24 மணிக்கு இரட்டிப்பு வீதம். எனவே வாரத்துக்கு 96 மணிக்கான கூலி வர வேண்டும், நாளொன்றுக்கு 16 மணிக்கானது. பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தரும் தொகையைப் பன்னிரண்டால் அல்ல, பதினாறால் வகுத்து, எட்டால் பெருக்கினால்தான் உண்மையான நாட்கூலி தெரியும். 600 ரூபாய் வாங்குபவரின் நாட்கூலி 300 ரூபாய். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. மே நாளன்று அதை முதலமைச்சர் அறிவித்தார். மசோதா போயிற்று, ஒப்பந்ததாரரின் பன்னிரண்டு மணி நேரம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

ஒப்பந்ததாரர் கூலியைத் தராமல் போனால் ஆலை உரிமையாளர் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று கைகழுவ முடியாது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21-ஆவது பிரிவு முதன்மை வேலையளிப்பவரையே பொறுப்பாக்கியது. ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-ஆவது பிரிவும் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறது. வருகைப்பதிவு எந்தப் பெயரில் இருக்கிறது, பி.எஃப். எந்தக் கணக்கில் விழுகிறது என்பவற்றைவிட, வேலை யாருடைய வளாகத்தில் நடக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு ரூபாய் குறைந்தாலும் கட்டாய உழைப்பு

அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. குறைந்த கூலிக்கும் இந்தக் கூறுக்கும் உள்ள உறவை நிறுவியது 1982-இன் ஆசிய விளையாட்டு வழக்கு. தில்லியில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலி அப்போது 9 ரூபாய் 25 காசு. அதை மேஸ்திரிகள் வாங்கி, ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு, 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். பசி ஒருவரைக் குறைந்த கூலிக்கு இணங்க வைத்தால் அந்த இணக்கம் விருப்பமல்ல, நிர்ப்பந்தமே. எனவே குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு வந்த சஞ்சித் ராய் வழக்கு சூளைக்கு இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணச் சாலைப் பணியில் தொழிலாளர்களை இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழு செய்த மொத்த வேலையை அளந்து கூலியைப் பங்கிட்டார்கள். பலருக்கு நாளுக்குரிய 7 ரூபாய் கிடைக்கவில்லை. குழுவின் வேலை குறைந்தது என்பதற்காகத் தனி ஆளின் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க முடியாது, பஞ்ச நிவாரணம் என்பதும் விலக்காகாது என்றது உச்ச நீதிமன்றம். இருபது பேர் குழுவுக்குப் பொருந்துவது மூவர் கொண்ட பத்துரியாவுக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையாளரின் வாதம். "என் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது" என்ற முதலாளியின் வாதமும் நீதிமன்றங்களில் நெடுங்காலத்துக்கு முன்பே தோற்றுவிட்டது. குறைந்தபட்ச ஊதியம் தர இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே கூறியிருக்கிறது.

1984-இன் பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பு இன்னொரு படி சென்றது. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், அது முன்பணத்துக்கு ஈடாகவே நடக்கிறது என்று கருத வேண்டும். அப்படியல்ல என்று நிரூபிப்பது வேலையளிப்பவரின் சுமை. அப்போது 1976-இன் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் பொருந்தும். கடன் அந்தக் கணமே அழியும். தொழிலாளி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆனால், கட்டாய அல்லது கொத்தடிமை உழைப்பைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் பொருந்தும். கூலிக் கணக்குத் தாள் ஒன்று இவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதாலேயே, பேரேட்டை ஆளுக்கு ஆள் எழுதுவதற்கு இவ்வளவு தயக்கம்.

2019-இன் தொகுப்பு

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 1948-இன் சட்டத்தை நீக்கி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. தொழில் அட்டவணை ஒழிந்து, எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்றானது உண்மையான முன்னேற்றம். ஒன்றிய அரசு அறிவிக்கும் தள ஊதியத்துக்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது. ஏற்கெனவே கூடுதலாகத் தரும் மாநிலம் அதைக் குறைக்கவும் முடியாது. குறைவூதியக் கோரிக்கைக்கான காலவரம்பு ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டாயிற்று. ஊரும் வேலையிடமுமாக அலையும் குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமல்ல.

இழந்ததும் உண்டு. முன்பு குறைவூதியம் தருபவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ 500 ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். இப்போது முதல் குற்றத்துக்குச் சிறை இல்லை. 50,000 ரூபாய்வரை அபராதம் மட்டுமே.  ஆய்வாளரின் பதவிப்பெயரிலேயே 'வசதியாளர்' சேர்ந்துவிட்டார். புலம்பெயர் தொழிலாளருக்கு 1979-இன் சட்டம் தந்த இடப்பெயர்வுப் படி, அச்சட்டத்தை விழுங்கிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் காணாமற்போனது. மாட்டிக்கொண்டால் கட்டிவிடலாம் என்று ஒரு சூளை உரிமையாளர் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாகவே முடியும்.

கோரிக்கை எழுதும்போது

தொழிலாளி தாமாகவோ சங்கத்தின் வழியாகவோ குறைவூதியக் கோரிக்கையைத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் அளிக்கலாம். வர வேண்டிய நிலுவையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஊதியம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை, தொகுப்பின் 59-ஆவது பிரிவின்படி வேலையளிப்பவருடையது. ஆயினும் தொழிலாளி பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தால் அது பெரும்பலம்: தினம் அறுத்த கல், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்று வேலை செய்தவர்களின் பெயர்கள், வாரச் செலவுக்கு வாங்கிய காசு. சிறு நோட்டுப் புத்தகமோ கைப்பேசியில் பதிந்த குரலோ போதும். மனைவியின் பெயரைத் தனி வரியில் எழுதுவது முதன்மையானது; கோரிக்கை மனுவிலும் அவரைத் தனி மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

கொத்தடிமை நிலை என்று தெரிந்தால் முறையிட வேண்டியவர் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர். கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு அது பொன்னேரிக் கோட்டம். விசாரணைக்குப் பின் தரப்படும் விடுதலைச் சான்றிதழே மறுவாழ்வு உதவிக்கு அடிப்படை. ஒன்றிய அரசின் 2016 திட்டப்படி அந்த உதவி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கு 2 லட்சம், ஆட்கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய். 1976-இன் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்புக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. அம்மாவட்டத்தில் வசிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவில் கேட்டுவிடலாம்.

மீட்பு நடக்கும்போது விடுபட்டுப்போவது கூலி நிலுவை. 2011-இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து மட்டும் ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். இத்தகைய தருணங்களில் சான்றிதழும் தொடர்வண்டிப் பயணச்சீட்டும் உடனே தேவைப்படுகின்றன. எல்லோருடைய கவனமும் அங்கேயே போய்விடுகிறது. மறுவாழ்வு உதவி அரசு தருவது. கூலி நிலுவை முதலாளி தர வேண்டியது. ஒன்று கிடைத்ததால் மற்றொன்று தீர்ந்துவிடாது. கடன் அழிந்துவிட்டதால், முன்பணத்தைக் காட்டி நிலுவையில் கழிக்கவும் முடியாது. வண்டி ஏறுமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வேலை நாட்களையும் நேரத்தையும் எழுதி வாங்கிவிட்டால், அவர்கள் பலாங்கீர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கைத் திருவள்ளூரில் நடத்தலாம். அதற்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது.